மலைப் பக்கத்து நிழல்

சித்திரை மாதம். உச்சி வெயில். அடி அண்ணாமலையைத் தாண்டிய கிரிவலப் பாதை... ஈ, காக்கை இல்லை. ராத்திரியில்தான் அதெல்லாம் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது, கண்ணுங்களா? இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள்.

எதிர்வீட்டுக் காசியம்மாளின் மகள் இனியா. அவள் புருஷன் புகழேந்தி. கொழுந்தன் விமல்ராஜ். மூன்று பேரும் வெறுங்காலில் நடந்தார்கள். காசியம்மாளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு மகளின் வேண்டுதல். பௌர்ணமிக் கூட்டத்தில் எவனாவது சங்கிலியை அறுத்துவிடுவான் என்று வெறும் நாளில் அழைத்து வந்தவன் புகழேந்தி.

பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. இனியாவுக்கு வந்தால் வாய் நிற்காது. மேலே பல்லி விழுந்தால் அரைமணி நேரம் பேசுவாள். விமல்ராஜுக்குச் சிரிப்பு வரும். அப்பா செத்த வீட்டில் சிரித்து அடி வாங்கியவன். புகழேந்திக்குச் சந்தேகம் வரும். இருட்டில் சத்தம் கேட்டால், யார் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் பார்ப்பான்.

கிரிவலத்தில் சாலையின் இடப்பக்கமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கம் நமக்கில்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடப்பார்களாம். சித்தர்கள் மட்டும்தானா என்று யாரும் கேட்டதில்லை.

தார் கொதித்தது. வலப்பக்கம் புளியமர நிழல்.

"ஏங்க, கால் வேகுதுங்க. கொஞ்ச தூரம் அந்தப் பக்கமா வரேன்."

"வேணாண்டி."

"சாமி கோச்சுக்காதுங்க. அதுக்கும் கால் இருக்கில்ல!"

போய்விட்டாள். நிழலில் பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு திடீரென்று வேகமானது... மூச்சு விடாமல்... பிறகு நின்றுவிட்டது. கொலுசு மட்டும் சல்... சல்... அணைந்த கற்பூரத்தின் வாசனை.

விமல்ராஜ் சிரித்தான்.

"என்னடா இளிக்கிற?"

"ண்ணா... அண்ணி பக்கத்துல..." முடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் இனியா சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அந்தத் தாரில், நிதானமாக, கால் சுடாதவள் போல.

வீட்டுக்கு வந்தும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. "வெயிலு அடிச்சிருக்கும் மாப்ள, மோர் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் போய்விட்டாள். புகழேந்திக்குச் சந்தேகம் தீரவில்லை. இனியாவின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் வீசினான். கணீர்! அவள் மெதுவாகத் திரும்பினாள். தட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். வாசல் கதவு தடதடவென்றது.

"ஏங்க, தொறங்க! எங்கங்க என்ன விட்டுட்டுப் போனீங்க ரெண்டு பேரும்? கூப்டு கூப்டு தொண்டை கட்டிப்போச்சு, ஒரு ஆட்டோக்காரன் நிக்கல, யாரும் என்னப் பாக்கவே மாட்றாங்க, எங்கம்மாகூட எதிர்ல வந்துட்டுப் பாக்காமப் போவுது, பயமா இருக்குங்க, ஏங்க..."

இனியாவின் குரல். இனியாவின் பேச்சு.

இருட்டில் விமல்ராஜ் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணற. "தொற ண்ணா... அதான்... அதான் அண்ணி..."

புகழேந்தியின் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. திறந்திருப்பான். ஆனால் தம்பி சிரிக்கிறானே... செல்போனில் அவள் குரலைப் பதிவு பண்ணி வெளியே வைத்திருக்கிறான். அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்துகொண்டு...

"யார்கிட்டடா வேலைய காட்ற?"

கையை எடுத்துவிட்டான்.

வெளியே பேச்சு ஓயவில்லை. கெஞ்சியது. அழுதது. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. கரண்ட் வந்தபோது... அந்தக் குரல் இல்லை. விமல்ராஜும் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நல்லவேளைங்க... நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க."