மூன்றாம் நிறம் ஏறாத பலகை

மேடையில் இருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

மறைந்த ஓவியர் அக்காவை இந்த நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் புகழ்ந்துவிட்டீர்கள். எனக்குப் புகழ வராது. பட்டறையில் கூடவே இருந்தவள் என்பதால் அவர் வேலை செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

அரூப ஓவியராக நல்ல பெயர் எடுத்தவர் எதற்காக மரத்தைச் செதுக்கப் போனார்? கேட்டேன். "கேன்வாஸ்ல தப்பு வந்தா மேல பூசி மறைச்சிடலாம். அந்த வசதி எனக்கு ரொம்பப் பழகிப்போச்சு" என்றார்.

மறைக்கவே முடியாத முறையைத் தேடிப் பிடித்தார். ஒரே பலகை. கொஞ்சம் செதுக்கி, எல்லாத் தாளிலும் ஒரு நிறம் அச்சிடுவார். அதே பலகையை மேலும் செதுக்கி, அதே தாள்களின் மேல் அடுத்த நிறம். செதுக்கிய மரம் திரும்பி வராது. முன்வரைவும் கிடையாது. கம்பித் தூரிகையால் தேய்ப்பார், தீயில் வாட்டுவார், அச்சு எந்திரத்தை விட்டுவிட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தி அச்செடுப்பார். அச்சில் இடம் வலமாகிவிடுகிறதே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டபோது கணவர் சொன்னார்: "நேரா மாட்டினாலே யாருக்கும் புரியல. மாறிப்போச்சுன்னு யாரு வந்து கேக்கப் போறா?" அக்கா கரண்டியை ஓங்கினார், சிரித்துக்கொண்டேதான்.

இப்போது பட்டறைக் கொடியில் இரண்டு நிறம் ஏறிய தாள்கள் தொங்குகின்றன. மூன்றாவதற்குப் பலகையைப் பாதி செதுக்கியிருந்தார். "அவங்க கை உங்களுக்குத் தெரியும். நீங்களே முடிச்சுக் குடுங்க" என்றார் என்னிடம் கண்காட்சி நடத்துபவர். மகளுக்கும் முதலில் அதே ஆசைதான். "சித்தி, அம்மாவோட கடைசி வேலை அரைகுறையா நிக்கக் கூடாது."

பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். அடுத்து எங்கே செதுக்கியிருப்பார்? பட்டறையில் அக்காவுக்கு உதவிய அச்சாளர் ஓர் இடத்தைக் காட்டினார். நான் வேறோர் இடத்தைக் காட்டினேன். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா இந்த ரெண்டையுமே பண்ணியிருக்க மாட்டாங்க" என்றாள். பிறகு உளியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

எனவே அந்தப் பலகையில் இனி யாரும் கை வைக்க மாட்டோம். தாள்களை இருக்கிறபடியே மாட்டுவோம். வேலை முடிவடையவில்லை என்று கீழே எழுதுவோம். அழகான காரணம் எதுவும் சேர்க்க மாட்டோம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இத்தகைய கூட்டங்களில் உறுதி சொல்வார்கள். நானும் சொல்கிறேன். பட்டறை திங்கட்கிழமை திறக்கும். வருகிறவர்கள் அவரவர் பலகையோடு வாருங்கள். மகள் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.