இரண்டு நாள் ஓய்வு

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும், டீச்சர். ஒரு சொம்பு குடித்துவிட்டு உட்காருங்கள். சேலத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். என் தங்கை வசந்தாமணியின் தொடைத் தசை எப்படிக் கிழிந்தது என்றுதானே கேட்க வந்தீர்கள்? உங்களை வேலையைவிட்டு எடுத்ததில் எனக்கும் வருத்தம்தான்.

எண்பத்திரண்டில் அவள் உங்களிடம் ஓட்டம் பழகினாள். வாரத்தில் இரண்டு நாள் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். மறுநாள் படி இறங்க முடியாது. நீங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டீர்கள். பளு தூக்கிய பிறகு இரண்டு நாள் ஓய்வு வேண்டும், அப்போதுதான் தசை தேறும், பாலும் முட்டையும் கொடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்து அழகாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகப் பேச்சு. செங்கோட்டையனுக்கு வசந்தாமணி, அவன் தங்கை ராஜம்மாள் எனக்கு. மாநில ஓட்டத் தேர்வில் ஜெயித்தால் வசந்தாமணி இரண்டு வருடம் மெட்ராஸ் விளையாட்டு விடுதிக்குப் போய்விடுவாள். அதுவரை செங்கோட்டையன் வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஓட்டம்தான் பேச்சு. என்னைக் கேட்க நாதியில்லை. வயிறு எரிந்தது, டீச்சர்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பளு தூக்கிய மறுநாள் உடம்பைச் சும்மா விடக்கூடாது, நன்றாகச் சுமக்க வைக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டினேன். பிறகு கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

"தொடையெல்லாம் ரணமா இருக்குதும்மா. டீச்சர் ரெண்டு நாளு சும்மா இருக்கச் சொன்னாங்க" என்று அவள் அழுதாள்.

"அவங்க எழுதுனதத்தான் உங்கண்ணன் படிச்சுச் சொன்னானே. அவன் பொய்யா சொல்லுவான்? எந்திரி சாமி" என்றாள் அம்மா.

குச்சிக்கிழங்கு வெட்டும் பருவம். மரவள்ளிக் காட்டிலிருந்து லாரிவரை மூட்டை சுமந்தாள், ஆறு வாரம். தேர்வு நாளில் பாதி தூரத்தில் சுருண்டு விழுந்தாள். உங்கள் இரும்புதான் காரணம் என்று ஊரே சொன்னது. என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் காலில் பாரம் விழக்கூடாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. முகூர்த்தத்துக்கு இருபதே நாள். அந்தச் சீட்டையும் அம்மாவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன்.

இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனாலும் நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறேன், டீச்சர். ஓர் அண்ணன் செய்ய வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.