மூன்று வரித் திருத்தம்

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் விடியற்காலை முதல் சாய்ந்த தூறல், மேற்கிலிருந்து குளிர்காற்று. முந்தைய இரவில் குளிர்கால நேரத்துக்காக நாடெங்கும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பப்பட்டிருந்தன. அடுக்ககம் ஒன்றின் பொதுச் சலவையறையில் இருவர்: சலவை நேரம் ஒதுக்கும் திறந்தமூல நிரலைப் பராமரிக்கும் கூன்வோர், அதில் ஒரு பிழையைத் திருத்தி எழுதிய கணித ஆசிரியர் தோர்க்கல்.

— ஆறு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க கூன்வோர். நியாயமா பார்த்தா மூணே வரி. அதான் டிராம் ஏறி நேர்லயே வந்துட்டேன்.

— வாங்க வாத்தியாரே. அந்த மெஷின் மேல உக்காராதீங்க, இப்போ சுத்த ஆரம்பிக்கும். காப்பி ஊத்தட்டுமா?

— சீக்கிரம் முடிங்க. மதியம் மகளோட நீச்சலுக்குப் போகணும். ஞாயித்துக்கிழமையை மட்டும் நான் யாருக்கும் குடுக்கிறதில்லை.

— ம், நல்ல பழக்கம். அப்படி என்ன அவசரம்?

— கடிகாரத்தை மாத்தினதும் உங்க ப்ரோக்ராம் குழம்பிடுச்சு. எங்க கட்டடத்துல காலையில எட்டு மணியை எனக்கும் குடுத்திருக்கு, மேல்வீட்டு லூண்ட்பெரி அம்மாவுக்கும் குடுத்திருக்கு. அவங்க என் ஈரத்துணியை அள்ளித் தரையில வச்சுட்டாங்க.

— சீட்டு ஒட்டினாங்களா?

— ஒட்டினாங்க. ‘அன்புடன்’னு முடிச்சிருந்தாங்க.

— அப்போ ரொம்பக் கோவம்தான்.

— வருஷத்துக்கு ரெண்டு தடவை இதே கூத்து. இத்தனை மாசமா நீங்க கவனிக்கவே இல்லையா?

— ம்... கண்ணுல படத்தான் செஞ்சுது.

— நான் ஏப்ரல்லயே திருத்தி அனுப்பினேன். விளக்கம் போதலைன்னீங்க. சோதிச்சதுக்குச் சாட்சி கேட்டீங்க. கடைசியில வரியில ஒரே ஒரு இடைவெளி அதிகம்னு திருப்பி அனுப்பினீங்க.

— நீங்களும் சளைக்காம அனுப்பினீங்க. மத்தவங்க ரெண்டாவது தடவையே என்னைத் திட்டிட்டுப் போயிடுவாங்க.

— நான் காசு கேக்கலை. இது பொது ப்ரோக்ராம், யார் வேணா திறந்து திருத்தலாம். நியாயமா பார்த்தா பங்களிச்சவங்க வரிசையில என் பேர் வரணும், அவ்வளவுதான். மாமியார்கிட்ட வேற சொல்லிட்டேன்.

— பேர்தானே, பெருசாவே போட்டுடலாம். உங்க போனுக்கு ஒண்ணு வந்திருக்கும் பாருங்க. ‘சம்மதம்’னு அழுத்துங்க.

— அழுத்திட்டேன்.

— படிச்சீங்களா?

— பேர் வருமில்ல?

— வரும். அந்தக் கூடையை நகர்த்துங்க, லேப்டாப் வைக்கணும்.

— கூடை எதுக்கு?

— காளான் பறிக்க. இந்த ப்ரோக்ராம் கைக்கு வந்ததிலிருந்து ஞாயிறுன்னா புகாருக்குப் பதில் எழுதுற நாள். காட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை. இந்தாங்க, உங்க மூணு வரி உள்ளே போயிடுச்சு.

— அட. என் பேர் எங்கே?

— வரிசையில தேடாதீங்க. மேலே.

— மேலேயா? ‘பராமரிப்பாளர், தோர்க்கல் நீலந்தர்’... இது உங்க இடமாச்சே.

— இப்போ உங்க இடம். இப்பத்தானே சம்மதம் குடுத்தீங்க.

— என் போன் ஏன் நிக்காம அதிருது?

— நார்வேயில இதே ப்ரோக்ராமை வச்சிருக்கிற பெர்கன்காரங்களா இருக்கும். துணி காயவைக்கிற மெஷின் ஒரு மாசமா பட்டியல்ல வரலையாம். மரியாதையாத்தான் திட்டுவாங்க, பயப்படாதீங்க.

— கூன்வோர், ஞாயித்துக்கிழமை என் மக வர்ற நாள். நியாயமா பார்த்தா நான் வந்தது ஒரே ஒரு பிழைக்கு...

— நானும் அதே பிழைக்குத்தான் வந்தேன். எனக்கு முன்னாடி பராமரிச்ச பென்ட் இதே மெஷின் பக்கத்துல வச்சுத்தான் இதை என் தலையில கட்டினார்.

— அதேவா? அப்போ அன்னிக்கே திருத்தியிருப்பீங்களே.

— திருத்தினேன். போன வருஷம் இனிமே தாங்காதுன்னு ஆச்சு, நானே அந்தப் பிழையைத் திரும்ப எடுத்து வச்சேன். அதனாலதான் நீங்க வந்தீங்க. உங்க மூணு வரியையும் எப்போ அழிக்கிறதுன்னு உங்களுக்கே தெரியும் வாத்தியாரே. கூடையைக் குடுங்க, மணி பதினொன்னைத் தாண்டிடுச்சு, காட்டுக்குக் கிளம்பணும்.