வலமிருந்து இடமாக ஒரு போர்

எங்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி, நான் அதைப் பார்த்துக்கொள்ளும் நான்கு வருடங்களில் ஒரு புகார்கூட வந்ததில்லை, சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து ஓசூர் வந்த விருந்தாளிகள் எங்கள் கம்பெனிக்கு ஒரு படச்சுருளின் நகலைக் கொடுத்தார்கள். எழுநூறு வருடத்துக்கு முந்தைய போர்ப்படம். எச்.ஆர். குருமூர்த்தி அதை முழுதாகப் பிரித்து, கண்ணாடி போட்டு, கேன்டீன் சுவரில் மாட்டினார். அதில் அரண்மனைக்குக் கூரை கிடையாது. உள்ளே நடப்பது தெரியட்டும் என்று ஓவியர் எடுத்துவிடுவாராம். பிறகு தீ, ஓட்டம், கடைசியில் கத்தி முனையில் தலைகள்.

அந்தச் சுருளை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். நான் படித்திருக்கிறேன். நம் ஆட்களோ இடது கதவில் நுழைந்து, தமிழ் வாசிப்பதுபோல, தட்டோடு வலப்பக்கம் நகர்ந்தார்கள். முதலில் தலை, பிறகு தீ, கடைசியில் வீரர்கள் சண்டைக்குக் கிளம்புகிறார்கள். மூன்று ஷிப்ட்டிலும் செத்தவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருமூர்த்தியிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா தீர்த்தகிரி, தலை முதல்ல வந்தா என்ன, கடைசில வந்தா என்ன? வெட்டுப்பட்டவன் கம்ப்ளெயின்ட் குடுத்தானா?"

 சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை இடது கதவைப் பூட்டினேன். பரிமாறும் மேஜையை அந்தக் கதவோரத்துக்கு நகர்த்தினேன். எல்லோரும் அடுப்போரம் இருந்த வலது கதவில் நுழைந்து இடப்பக்கம் நகர்ந்தார்கள். போர் ஒழுங்காக நடந்தது.

சமையல் செய்யும் சாந்தம்மா மட்டும் கேட்டாள்.

"அண்ணா, அடுப்பு இந்தப் பக்கம் இருக்குது. பத்திக்கிச்சுன்னா எங்க ஓடறது?"

"படத்துல குதிரை நிக்குதே, ஏறிப் போ."

"ஏறிக்கிறேன். நீ முன்னாடி நின்னு கயித்தப் புடி."

நல்ல பெண்.

புதன்கிழமை மதியம் அடுப்பருகே சிலிண்டர் வெடித்து, வலது கதவைத் தீ அடைத்தது. உள்ளே இருந்தவர்கள் இடது கதவுக்கு ஓடி வந்தார்கள். நான் வெளியே, ஜன்னலருகே நின்றிருந்தேன். "அண்ணா, சாவி" என்றாள் சாந்தம்மா. தொலைந்துவிட்டது என்று உங்களிடம் முன்பு சொன்னேன். இல்லை, சட்டைப் பையில்தான் இருந்தது. கையும் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பேரில் ஒருவர்கூடத் தவறான திசையில் ஓடவில்லை, சார். அதை எப்படிக் கலைப்பது?

பதினோரு பேர் என்கிறீர்கள். நான் படத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான். நம்பாவிட்டால் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பாருங்கள். மேலே போட்டிருந்த ஷீட்டெல்லாம் சிதறிவிட்டது. கூரை இல்லாமல் உள்ளே எல்லாம் நன்றாகத் தெரிகிறது.