இன்று யார் முறை?

"எங்க அண்ணன் காடி கால்வாயில கிடக்க, கரையில நின்னு தேத்தண்ணி குடிச்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

எண்பதுகளில் ஒருநாள், மலேசியாவில் சுங்கை புரோங் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டு அம்மாள் கணவரிடம் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போயே போய்விட்டது. காடி என்றால் அங்கே கார். அவள் மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"போலீஸ் கூப்பிட்டது ஆ லெக்கோட லோரியை. அன்னைக்கு அவன் முறை."

"காடி இழுக்கிற லோரியைச் சொந்தமா வச்சுக்கிட்டு, மச்சானுக்கு முறை பார்ப்பீங்களா?"

"நாலு பேர் லோரி வச்சிருக்கோம் லா. விபத்துன்னா போலீஸ் வரிசையாத்தான் கூப்பிடும். முறை மாறிக் கொக்கியை மாட்டினா, பேரையே வரிசையிலேர்ந்து அடிச்சிடுவாங்க. அப்புறம் சோத்துக்கு என்ன செய்யிறது?"

"அண்ணன் முட்டியளவு சேத்துல நின்னாரு."

"அவருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்ல?"

"அதான் இன்னும் கோவம். இனிமே யார் முறைன்னு ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் கால்வாயில விழுவாராம்."

"விழச் சொல்லு. இப்ப என் முறைதான்."

"சிரிக்காதீங்க. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராம எப்படி?"

அவர் சிரிப்பு நின்றது. பஸ்ஸும் நின்றது. நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு வாசலில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அம்மாள் ஆரஞ்சுப் பையைக் கணவர் கையில் திணித்தாள்.

"அண்ணன் நிக்கிறாரு. முன்னால போங்க."

"நானா?"

"பின்ன? இன்னைக்கு உங்க முறை."