பிரேக் இல்லாத வண்டி

— என்ன மாமா இது?

— பிரேக்கு.

— பிரேக்குன்னு எனக்குத் தெரியாதா? இந்த வண்டிக்கு எப்படி வந்துச்சு?

— அதுவா நடந்தா வரும்? காலையில சுரேஷ் கடைக்குக் கொண்டுபோயி மாட்டிட்டு வந்தேன். பெல்லும் ஸ்டாண்டும் சேத்துத்தான். நல்ல சாமானாப் பாத்துப் போடச் சொன்னேன்.

— யா அல்லாஹ்! முன்சக்கரத்தத் தாங்குற போர்க்குல ஓட்டை போட்டிருக்கீங்களே மாமா!

— ஓட்டை போடாம எங்கன மாட்டுறது? சுரேஷே அசந்து போனான். இரும்பு மாதிரியே இல்லியாம். பனங்கிழங்குல எறங்குற மாதிரி டிரில்லு எறங்கிருச்சாம்.

— அது இரும்பு இல்ல, கார்பன். ஓட்டை போட்டா விரிசல் விட்டுரும். ஓடுற வேகத்துல அது முறிஞ்சா உங்க மக மாரிச்செல்வி மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? ஐயையோ, பின்னாடி பிரீவீல் வேற மாத்தியாச்சா!

— பின்ன? கால நிறுத்துனாலும் பெடலு நிக்காமச் சுத்துதே தாயி. நேத்து ஏறிப் பாத்தா எம் மக. வெடுக்குன்னு கால இழுத்துருச்சு. வெளிநாட்டுல இருந்து கெட்டுப்போன வண்டியத் தூக்கிட்டு வந்துட்டியேன்னு நெனச்சேன். சொன்னா நீ சங்கடப்படுவேன்னு நானே சரிபண்ணிட்டேன்.

— கெட்டுப்போகல மாமா! டிராக் வண்டின்னா அப்படித்தான், காலாலயே பெடலத் தடுத்து வேகத்தக் குறைக்கணும். மூணு வருசமா கிளாஸ்கோவுல செவ்வாக்கிழமை தவறாம நான் ஓட்டுன வண்டி இது. மாரிச்செல்வி வீடியோவக் காட்டுனதும் சைக்கிள் கிளப்புல எல்லாரும் சேந்து புது டயரு போட்டு, பெட்டியில கட்டிக் குடுத்தாங்க. நாளன்னைக்கு சென்னையில செலக்‌ஷன். இன்னைக்குச் சாயங்காலம் ரயிலு. இப்பப் போயி இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே!

— ஸ்காட்லாந்துல எல்லாரும் பிரேக்கு இல்லாமத்தான் ஓட்டுறாங்களா? உசுரு மேல ஆசை இல்லாத சனமால்ல இருக்கு.

— ரோட்டுக்கு வேற வண்டி. அதுல ரெண்டு பிரேக்கும் இருந்தாகணும். ஞாயித்துக்கிழமை காலையில, மழையோ குளிரோ, ரோட்டுல பந்தயம் நடக்கும். நிமிசத்துக்கு ஒரு ஆளா விடுவாங்க. எங்க கிளப்புல அறுபது வயசு டீச்சரம்மா ஒருத்தங்க, எனக்கு நாலு நிமிசம் கழிச்சுக் கெளம்பி என்னத் தாண்டிப் போயிருவாங்க. முடிஞ்சதும் ஒரு ஹால்ல உக்காந்து டீயும் கேக்கும். அவ்வளவுதான் பந்தயம். ஆனா கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆளு நின்னு ஒவ்வொரு வண்டியா பிரேக்க அழுத்திப் பாப்பாரு. சரியில்லேன்னா எறங்குன்னுருவாரு. பெத்த புள்ளையா இருந்தாலும் விட மாட்டாரு.

— நம்ம ஊருப் பந்தயத்துல அதெல்லாம் எவன் பாத்தான்? உங்க அத்தா விசிலடிச்சுக் கொடிய அசைச்சா ஓட வேண்டியதுதான். சரி, டிராக்குல?

— டிராக்குல பிரேக்கு இருந்தா எறக்கி விட்டுருவாங்க. வட்டமா, சரிவா இருக்குற தளம் மாமா அது. முன்னாடி போறவ சட்டுன்னு பிடிச்சா, ஒட்டி வாரவ அத்தனை பேரும் அவ மேல விழுவாங்க. ஒருத்தருக்குமே பிரேக்கு இல்லாததுதான் அங்க பாதுகாப்பு. எட்டு வயசுப் புள்ளைக ஓட்டுதுக.

— அந்தப் புள்ளைகளுக்கு அப்பன் இல்லியா?

— பக்கத்துலயே நின்னு கைதட்டிக்கிட்டு இருப்பாங்க.

— நான் தட்ட மாட்டேன்.

— மாமா, சண்டை போட நேரமில்ல. சென்னையில எனக்குத் தெரிஞ்ச கோச்சம்மா ஒருத்தங்க இருக்காங்க. போன் போட்டா வேற போர்க்கு தருவாங்க. பின்னாடி இருந்த பழைய பல்சக்கரத்தக் குடுங்க. அரைமணி நேரத்துல நானே மாட்டிருவேன். அத்தாவும் கூட வந்திருக்காக.

— யாரு, சுஐபண்ணனா?

— வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்காக. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாக. உங்க மூஞ்சியில முழிக்க அவுகளுக்குக் கூசுது.

— அவர ஏன் தாயி கூட்டிட்டு வந்த?

— நானா கூப்பிட்டேன்? மாரிச்செல்வி வீட்டுக்குப் போறேன்னேன். அவுகளா வந்து ஏறி உக்காந்தாக. எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தெருப் பக்கமே வராமச் சுத்திக்கிட்டுப் போற மனுசன்!

— கேட்டுக்க நஸீஹா. பிரேக்கு இருந்தா எம் மக ஓட்டட்டும். இல்லேன்னா ரயிலும் வேணாம், செலக்‌ஷனும் வேணாம். பேச்சு முடிஞ்சது.

— முடிஞ்சதா? நாலு வருசமா விடியக்காலையில தனுஷ்கோடி ரோட்டுல எதிர்காத்துல மிதிச்ச புள்ள மாமா அவ! செலக்ட் ஆனா ஹாஸ்டலு, படிப்பு, பின்னாடி ஒரு வேலை. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், இந்தப் பிரிவுல நிக்க முடியாது. அவ ராமநாதபுரத்துல இருந்து டிக்கெட்டோட வந்து நிக்கும்போது என்னன்னு சொல்லுவீங்க?

— ரெண்டு பெத்து ஒண்ண மண்ணுல வச்சவன் நானு. இன்னொண்ணயும் வைக்கச் சொல்றியா?

— வீரமணிக்காகத்தான் மாமா இந்த வண்டியே.

— என்ன சொல்ற?

— அந்தப் பந்தயத்துக்கு முன்னாடி அத்தா அவன் பிரேக்க ஒழுங்கா முடுக்கியிருந்தா இன்னைக்கு அவன் இருந்திருப்பான். அத்தா சைக்கிள் கடையப் பூட்டுனாக. சவுதிக்குப் போயி தம்மாம்ல ஓட்டல்ல சட்டி கழுவுனாக. திரும்பி வந்தும் ஸ்பானரத் தொட மாட்டேங்குறாக. எப்பக் கேட்டாலும் ‘எந் தப்புத்தான்’னு ஒரே வார்த்த. நான் எதுக்கு கிளாஸ்கோ போயி சைக்கிள் கிளப்புல சேந்தேன்னு நெனைக்கிறீங்க? மொத நாளே பிரேக்கு எப்படி முடுக்குறதுன்னுதான் கேட்டேன். இது அத்தா செஞ்ச தப்புக்கு நாங்க குடுக்குற ஈடுன்னு வச்சுக்கங்க.

— அப்படிச் சொல்லாத.

— ஊரு முன்னால அவுக சட்டையப் பிடிச்சு அடிச்சீங்க. அதக்கூட நான் தப்புன்னு சொல்லல. புள்ளையப் பறிகுடுத்த வேகம்...

— சொல்லாதன்னு சொல்றேன்ல!

— சரி, சொல்லல மாமா. உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— நீ அந்தப் பந்தயத்தப் பாத்தியா?

— இல்ல. அப்ப மதுரையில நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

— திருவிழாப் பந்தயம். இந்த உச்சிப்புளியில இருந்து பாம்பன் பாலம் வரைக்கும் போயித் திரும்பணும். பயலுக மட்கார்டு, கேரியரு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வண்டிய மொட்டையாக்கிருவானுக. கனம் குறையணும்ல. முந்தின வருசம் வீரமணி ரெண்டாவது வந்தான். ஒரே ஒரு சக்கர நீளம். அன்னைக்கு அழுதான் பாரு, சோறு திங்கல.

— சரி மாமா. அதுக்கு?

— பந்தயத்துக்கு முந்தின நாளு உங்க அத்தா நல்லாத்தான் முடுக்கிக் குடுத்தாரு. நான் பிடிச்சுப் பாத்தேன். தொட்டதும் நின்னுச்சு வண்டி.

— அப்புறம் எப்படி பிரேக்கு பிடிக்காமப் போச்சு?

— மறுநாக் காலையில கழட்டிட்டேன்.

— எத?

— பிரேக்க. ரெண்டையும். கம்பி, கட்டை, அம்புட்டும். வேணாம்யான்னான் அவன். போடா, காத்துல இழுக்கும், நீ என்ன நின்னு நின்னா போகப் போறேன்னு சொன்னேன்.

— மாமா...

— திரும்பி வாரப்ப வளைவுல ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சு. எம் புள்ள காலத் தரையில தேச்சிருக்கான் தாயி. நிப்பாட்டப் பாத்திருக்கான். செருப்புத் தேஞ்ச தடம் ரோட்டுல கெடந்துச்சு. அதுக்கு அங்கிட்டுப் பனைமரம்.

— யா அல்லாஹ்! யா அல்லாஹ்!

— கூட்டத்துல எவனோ ‘பிரேக்கு பிடிக்கல போல, சுஐபு பாய்தான் நேத்து பாத்தாரு’ன்னான். அத நான் பிடிச்சுக்கிட்டேன். நொறுங்குன வண்டிய நானே அள்ளிக்கிட்டு வந்து ஒளிச்சேன். கழட்டுன பிரேக்கு இன்னும் மேல பரண்ல உரச்சாக்குக்குள்ள கெடக்கு. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

— ஒம்பது வருசம்! ஒம்பது வருசமா எங்க உம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போகல! ‘அந்தக் கடைக்காரன் மக’ன்னு சொல்லி எனக்கு வந்த சம்பந்தம் ரெண்டு திரும்பிப் போச்சு! நீங்க இங்கன உக்காந்து பாத்துக்கிட்டா இருந்தீங்க? எப்படி மாமா சோறு எறங்குச்சு உங்களுக்கு?

— எறங்கல தாயி.

— அத்தா! அத்தா! உள்ள வாங்க! இந்த மனுசன் என்ன சொல்றாருன்னு வந்து கேளுங்க!

— கத்தாத நஸீஹா. வாசல்லதான் நிக்கிறேன். எல்லாம் கேட்டுச்சு.

— சுஐபண்ணே! என்ன மன்னிச்சிருண்ணே!

— ஏய், எந்திரி மலையாண்டி. கால விடு. எந்திரிங்குறேன்ல.

— விழட்டும் அத்தா! நீங்க முடுக்குனது சரியாத்தான் இருந்துச்சாம்! இவருதான் கழட்டுனாராம்!

— தெரியும்.

— என்னது?

— அன்னைக்கே தெரியும். அந்தப் பழைய பல்சக்கரம் எங்க, மலையாண்டி? கொண்டா, மாட்டித் தாரேன். புள்ளைய ரயிலேத்து. அங்கன வண்டியப் பாத்து விடுறதுக்கு ஆளு இருக்கு.

— தெரிஞ்சுக்கிட்டா அடி வாங்குனீங்க? தெரிஞ்சுக்கிட்டா கடையப் பூட்டிட்டுப் போயி சட்டி கழுவுனீங்க? எதுக்கு அத்தா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?

— என்னன்னு சொல்ல? பெத்த புள்ளையா இருந்தாலும் எறக்கி விடுவாருன்னு உங்க ஊரு ஆளச் சொன்னியே, இங்கன அந்த எடத்துல நின்னது யாரு? கோட்டுக்கிட்ட வந்து நின்னு, ‘மாமா, இன்னைக்கு நான்தான்’னு சிரிச்சான் வீரமணி. அவன் வண்டியில பிரேக்கு இல்லேன்னு பாத்தேன் நஸீஹா. பாத்துட்டுத்தான் கொடிய அசைச்சேன்.