பெல்ட்டில் இரண்டு விரல்

காமிராவை மாற்றத் துடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காமிரா தேவைப்படுவதில்லை, பேசுவதற்கு ஒரு விஷயம்தான் தேவைப்படுகிறது. நீங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் இதிலிருந்து தொடங்கியதுதான்.

என் தங்கையின் கணவன் அந்த முக்கால்வாசியில் ஒருவன். நல்லவன் என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் மறுக்கவில்லை. வேறு எதுவும் சொல்லத் தோன்றாத ஆளைத்தான் நல்லவன் என்பார்கள்.

எங்கள் தொழில் கட்டடங்களைப் படமெடுப்பது. விற்பனைக்கு வரும் வீடுகள், புதிதாகத் திறக்கும் அலுவலகங்கள். நானும் அவனும் படமெடுப்போம். தங்கை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோணல் சுவரை நிமிர்த்துவாள், ஜன்னலில் கொட்டும் வெளிச்சத்தை அடக்குவாள். இரண்டு காமிராக்களும் ஒரே கம்பெனி. லென்ஸ்களுக்கு ஒரே பை. நான் மாட்டிக் கழற்றியதை அவன் மாட்டுவான். அத்தனை லென்ஸும் அவன் இந்தக் குடும்பத்துக்குள் வருவதற்கு முன் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பூஞ்சை பிடிக்காமலிருக்க மின்சார அலமாரி வைத்து, பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டேன்.

ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சார் காமிராவுக்குப் போக வேண்டும் என்பதில் சண்டை இல்லை. நான் பிடிவாதக்காரன் இல்லை. எங்கள் காமிராக்களில் படம் பதியும் சென்சார் சின்னது, குறுகலான குளியலறையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் பாதி அறைதான் வரும். அதே கம்பெனியின் ஃபுல் ஃப்ரேமை வாங்கினால் லென்ஸ்களில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். யோசிப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை யோசித்தான்.

"மச்சான், ஒரேயடியா கம்பெனியையே மாத்திடலாம். பழசையெல்லாம் குடுத்துட்டு புதுசா ஆரம்பிப்போம். இருட்டு ரூம்ல நம்ம படம் மணல் மணலா வருது, பாக்குறீங்கல்ல?"

"ஸ்டாண்டுல வச்சு எடுக்கத் தெரிஞ்சவனுக்கு மணல் வராது."

"அந்தப் புதுக் காமிரா ஆளோட கண்ணைப் பாத்து தானா ஃபோகஸ் பிடிக்குது மச்சான்."

"கட்டடத்துக்கு ஏது கண்ணு?"

அவன் சிரித்தான். எதற்கும் சிரிப்பான். கோபப்படத் தெரியாத ஆளிடம் ஒரு முடிவையும் விடக் கூடாது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "எனக்காக மட்டும் கேக்கல. அவதான் முதல்ல ஆரம்பிச்சா. ராவும் பகலும் அந்த மணலைத் துடைக்கிறது அவதானே."

பெண்டாட்டிக்குப் பின்னால் ஒளிகிற ஆண்களை எனக்குப் பிடிக்காது. என் தங்கை எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் என்ன படிக்க வேண்டும், எந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நான் முடிவு செய்தது. இவனையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தவனுக்குத்தானே சரியில்லை என்று சொல்லும் உரிமையும் உண்டு.

அப்படியும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்: "நீங்க பழசுலயே இருங்க மச்சான், தப்பே இல்ல. நாங்க தனியா ஒரு ரூம் எடுத்துப் பாத்துக்கிறோம். உங்க லென்ஸ் உங்களுக்கே."

'நாங்க' என்றான். அதில் நான் இல்லை. தங்கை எதிரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தீர்களா, அவளை எப்படி ஆட்டிவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் வீடியோ எடுக்கும்போது காமிராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நடக்க வேண்டியிருக்கும். பேசினால் குரல் பதிவாகிவிடும். அதனால் ஒருவன் நடக்க, மற்றவன் அவனுடைய பெல்ட்டில் பின்பக்கமாக இரண்டு விரலை மாட்டிக்கொண்டு கூடவே போவான். விரல் சும்மா இருந்தால் இடம் இருக்கிறது, வரலாம். சுண்டி இழுத்தால் நிற்க வேண்டும். மாடிப்படியிலும் நீச்சல்குளத்தின் ஓரத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறோம். என்னை அவன் ஒரு முறைகூட இடிக்க விட்டதில்லை. அந்த ஒரு வேலை அவனுக்குச் சுத்தமாக வரும், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அன்று, கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் வேலை. ஒரு பக்கம் இன்னும் கைப்பிடிச் சுவர் எழுப்பவில்லை. அவன் அந்த இன்னொரு கம்பெனிக் காமிராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தான், கூடவே ஒரு நீளமான லென்ஸ். சோதித்துப் பார்க்கிறானாம். வேலை முடிந்ததும் தங்கையை நிறுத்தி எடுத்தான். அவளும் அன்று வீட்டில் இருக்காமல் கிளம்பி வந்திருந்தாள்.

நீளமான லென்ஸுக்கு ஆள் முழுதாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காமிரா தெரிந்த யாருக்கும் இது தெரியும். நான் அவன் பெல்ட்டில் விரலை மாட்டினேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் மாட்டினேன்.

"மூஞ்சிய ஆட்டாத, பேசாம நில்லு," என்று அவளிடம் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான். அவள் நின்ற இடத்திலிருந்து அவனுக்குப் பின்னால் மாடி முடிவது தெரியும். ஆனால் அவன் இடுப்புக்குப் பின்னால் போகும் என் கையும் தெரியுமல்லவா. தன் கண்ணைவிட என் விரலை நம்பித்தான் அவள் பேசாமல் நின்றாள். ஓரம் வந்ததும் நான் பக்கவாட்டில் ஒதுங்கிக் கையை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டேன்.

நான் தள்ளவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சுண்டி இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓரத்தில் அவன் ஒரு நொடி தயங்கினான். காற்று வித்தியாசமாக இருந்திருக்கலாம். காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"இடம் இருக்கா மச்சான்?"

"இருக்கு. வா."

விரலை எடுத்துக்கொண்டேன்.

அவன் பயப்பட நேரமே இருக்கவில்லை. கடைசி வரை படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். தொழிலில் இருக்கும்போதே போவது எல்லோருக்கும் வாய்க்காது. அன்று கீழே உங்கள் போலீஸ்காரர்களிடம் கால் வழுக்கிவிட்டது என்று நான் சொன்னபோது தங்கை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி, சரியாகிவிடும், மறுபடி நாங்கள் இருவரும் பழையபடி இருப்போம் என்று நம்பினேன். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன் என்பதை நீங்களாவது அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

காமிரா நொறுங்கிவிட்டது. உள்ளே இருந்த மெமரி கார்டு நொறுங்கவில்லை. அதைக் கழற்றி, திறந்து பார்த்து, இந்தப் படத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கொடுங்கள், பார்க்கிறேன்.

ஆள் முழுதாக வந்திருக்கிறாள். வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறது. கண் லென்ஸைப் பார்க்கவில்லை. அவன் இடுப்போரமாக, காற்றில் நிற்கும் என் விரலைப் பார்க்கிறது. ஒவ்வொரு இமை முடியும் எண்ணிவிடலாம் போல ஃபோகஸ் இருக்கிறது. கண்ணைப் பிடிக்கும் விஷயத்தில் மாப்பிள்ளை சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

என்ன சொன்னீர்கள்? அலமாரியைக் காலி செய்துவிட்டாளா? அத்தனை லென்ஸையும் கொடுத்துவிட்டு அவன் கேட்ட அதே கம்பெனிக் காமிராவை வாங்கிவிட்டாளா?

இல்லை, அப்படி இருக்காது. உங்களுக்கு என் தங்கையைத் தெரியாது. அவளாக ஒன்றை முடிவு செய்கிறவள் இல்லை அவள். பக்கத்தில் இருந்துகொண்டு யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது யார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.